வரப்பை வெட்டிவிட்டேன்

விரலில் இன்னும் அந்த அழுகல் வாடை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ வைத்த பத்துமணிப் பூச்செடிதான். தண்டைத் தொட்டால் வெந்த கீரை மாதிரி நசுங்குகிறது.

உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் சிரிப்பாய். சாயங்கால வகுப்புக்குப் போய் இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிய வெகுநேரம் ஆகிறது. முடிந்ததும் படித்துப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷம். முதல் கடிதமே உனக்குக் கெட்ட செய்தியாகப் போய்விடுமோ என்றுதான் பயம்.

திருக்கழுக்குன்றம் பக்கத்து நிலத்தை விட்டுப் புதுப்பட்டினத்தில் நம் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், வாசல் மணலைப் பார்த்து, "இதுல இன்னா மொளைக்கும்?" என்றேன். நீயோ யார் வீட்டிலோ கிள்ளிய நுனிகளை முந்தானையில் முடிந்துவந்து மணலில் செருகினாய். ஒரு கை தண்ணீர் தெளித்தாய், அவ்வளவுதான். நான் வாளியோடு வந்ததும், "இன்னாயா, நாத்தா நட்டுக்கீறேன்? காயவுடு, பூக்கும்" என்றாய். கத்திரி வெயிலில் தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் படர்ந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு அது காய்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நம் ஊர் ஏரி வண்டலை ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினேன். சுற்றி வரப்பும் கட்டினேன். நெல்லுக்குச் செய்கிற மரியாதை. ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றுவிட்டது.

"நைனா, பொங்கலுக்குள்ள தழையலன்னா சிமென்ட் போட்டுடலாம். பைக் நிறுத்தவாவது ஆவும்" என்கிறான் மகன். "புதுசா வாங்கித் தொட்டியில வைக்கலாம் மாமா" என்கிறாள் மருமகள். புதுசு உன் கை பட்டதாகுமா?

வரப்பை வெட்டிவிட்டேன். வண்டலை வழித்தெடுத்தேன். அழுகாத நுனிகளாகத் தேடிக் கிள்ளி, சுவரோரத்து வெறும் மணலில் உன்னைப் போலவே செருகினேன். மழையும் விட்டிருக்கிறது. ஆனால் எழுந்ததும் கை தானாகக் குவளையைத் தேடுகிறது. இலை சுருங்கித் தெரிகிறது. தாகமா, வேர் பிடிக்கிறதா, தெரியவில்லை.

ஒரு நுனி இன்று கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. என் கண்ணை நம்ப முடியாது. நீ சொன்ன அந்த "காயவுடு" ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுந்தால் ஊற்றிவிடுவேன்.