பட்டியலில் இல்லாத பன்னிரண்டு பேர்

செப். 2, 1985, திங்கள்

விடியற்காலை சுமத்ரா காற்று, கூடவே மழை. தோ பாயோ பஸ் ஸ்டாப்பில் குடை மடங்கிப் போச்சு. ஷூ முழுக்கத் தண்ணீர். நாள் முழுக்க மேஜைக்கடியில் வெறுங்கால்.

ஆபீஸில் புது டெலிபோன் சிஸ்டம் வந்து இறங்கியாச்சு. ஆறு பெட்டி. பழைய ஸ்விட்ச் போர்டைத் தூக்கப் போறாங்க. பதினாலு வருஷம் அதோடு மாரடித்தேன், போகட்டும். அதில் நாலாவது சுவிட்ச் விரலைக் கடிக்கும்.

மாட்ட வந்தவர் மிஸ்டர் ஓங். அம்பது வயசிருக்கும். பேச்சு கம்மி. அவர் சொன்னதைக் குறித்து வைக்கிறேன், மறந்துடும்:
– ஆபீஸுக்குள் யார் கூப்பிட்டாலும் அவங்க பேர் சின்னத் திரையில் வரும்.
– வெளியிலிருந்து வந்தால் லைன் நம்பர் மட்டும்.
– பேரில் முதல் மூணு எழுத்தைத் தட்டினால் நம்பரைத் தேடிக் கொடுக்கும்.
– பேரை எல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து டைப் பண்ணணும். பத்து எழுத்துக்கு மேல் ஏறாது.

அந்த ஒருத்தர் நான்தான். வேற யார்.

வீட்டுக்கு வந்தால் இவர் மீன் வறுத்து வைத்திருக்கார். ஜூனில் கப்பல் பட்டறை வேலை போனதிலிருந்து சமையல் இவர்தான். உப்பு கூட. தண்ணி குடிச்சுச் சாப்பிட்டு முடிச்சேன்.

செப். 3, செவ்வாய்

வெயில். மிஸ்டர் ஓங் பழகச் சொல்லி என் பேரையே முதலில் அடிக்கச் சொன்னார். PHILOMENA. ஒன்பது எழுத்து. பச்சை எழுத்தில் திரையில் பார்த்தப்ப சின்னப் புள்ள மாதிரி சிரிச்சேன். பழகினதை எல்லாம் அவர் அழித்துவிட்டார்.

ஆளாளுக்கு வந்து என் கவுன்டரை எட்டிப் பார்க்கிறாங்க. அக்கவுன்ட்ஸ் நோராய்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள் (ஏழு மாசம்). "ஆன்ட்டி, எனக்கு ஸ்டார் போட முடியுமா, பேருக்குப் பக்கத்துல?" ஸ்டார் எல்லாம் கிடையாது லா, போ.

அப்புறம் காதர் பாய். ஷிப்பிங் டாக்குமென்ட்ஸ் பார்க்கிறவர், இந்த மாடியில் என்னோடு தமிழ் பேச இருக்கிற ஒரே ஆள். பதினேழு வருஷ சர்வீஸ். அவர் மச்சானுக்கு சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை. கடையைப் பார்த்துக்க ஆள் வேணும், நீங்களே வாங்கன்னு கூப்பிடுறாராம். அடுத்த வெள்ளிக்குள் பதில் வேணுமாம்.

"என்ன சொல்லப் போறீங்க பாய்?"

"என்னத்தச் சொல்றது. வரலைன்னுதான். இந்த வயசுல துணி கிழிக்கவா? இங்க ஏர்கான்ல உட்கார்ந்திருக்கேன்."

சரிதான்.

செப். 5, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுறேன்.

மதியம் ஆபீஸ் மேனேஜர் மிஸ்டர் லிம் பேர்ப் பட்டியலைக் கொடுத்தார். மேலிடத்தில் டைப் அடித்த தாள், இரண்டு பக்கம். தலைப்பில் அக்டோபர் ஒண்ணு முதல் என்று இருந்தது. நம்பர், பேர், நம்பர், பேர் என்று அடித்துக்கொண்டே போனேன். 218 வந்தது. நம்பர் இருக்கு, பேர் இல்லை. அது காதர் பாய் மேஜை.

டைப்பிஸ்ட் தவறு என்று நினைத்தேன். இன்னும் கீழே போனால் 231 காலி. நோராய்னி. 240 காலி. எண்ணிப் பார்த்தேன். எழுபத்து மூணு மேஜை, அறுபத்தொரு பேர்.

மூளை இருந்தால் அப்பவே வாயை மூடியிருக்கணும். தாளை எடுத்துக்கொண்டு நேரே மிஸ்டர் லிம் அறைக்குப் போனேன். "சார், பன்னிரண்டு பேர் விட்டுப் போச்சு."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு இங்கிலீஷில் மெதுவாக: "உன்கிட்ட பழைய லிஸ்டைக் கொடுத்திருக்கணும். தப்பு என்னோடது. இருபதாம் தேதி லெட்டர் கொடுக்கிறோம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. உன் புருஷனுக்குக்கூட. வெளியே போச்சுன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

தலையாட்டிவிட்டு வந்துட்டேன். என் நாற்காலிக்கு வந்த பிறகுதான், நானே அடித்த முதல் வரி உறைத்தது. 0 – OPERATOR. அவ்வளவுதான். பேன்ட்ரிக்கு PANTRY. வாசலில் காவல் இருக்கிற ஜாகாவுக்கு GUARD. எனக்கும் பேர் இல்லை. அப்படின்னா நான் இருக்கேனா, இல்லையா? அதைக் கேட்க வாய் வரலை.

செப். 6, வெள்ளி

புழுக்கம். சாப்பிட முடியலை. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

என் வேலையும் போனால்:
– இவரும் வீட்டில், நானும் வீட்டில்.
– மகள் ரெஜினாவுக்கு நவம்பரில் ஓ லெவல் பரீட்சை. அவளுக்குத் தெரியக் கூடாது.
– நாற்பத்தொரு வயசு. போர்டு ஆபரேட்டர் வேலையைத் தவிர ஒண்ணும் தெரியாது.

சாயந்திரம் லிஃப்ட் வாசலில் இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம்: "அவளுக்கு வேலை இருக்குல்ல, பயமில்லை லா." நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். அவங்க மேலே போன பிறகு அடுத்த லிஃப்ட்.

செப். 8, ஞாயிறு

வேளாங்கண்ணி மாதா திருநாள். ஓப்பிர் ரோடு கோயிலில் நிற்க இடமில்லை. என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியலை. பன்னிரண்டு பேருக்காகவா? அந்த OPERATOR நானாக இருக்கணும்னுதான் முதலில் வாயில் வந்தது. வெட்கமாக இருந்தது. மறுபடி வேண்டினால் மறுபடி அதே.

பூசை முடிந்து இவரையும் ரெஜினாவையும் பஸ் ஏற்றிவிட்டு, நூல் வாங்கணும்னு பொய் சொல்லி சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தேன். காதர் பாய் மச்சான் கடையைத் தேடிப் போனேன். பெரிய கடை. வாசலில் கைலி அடுக்கு, உள்ளே சேலை. கல்லாவில் மச்சானே இருந்தார்.

"காதர் பாய் உங்க ஆபீஸா? கொஞ்சம் சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா நாகூர்க்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், அவரைப் போட்டுருவேன்."

சொல்றேன்னு சொன்னேன். நூல் வாங்க மறந்துட்டேன்.

செப். 9, திங்கள்

காதர் பாயிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். கோப்பிக்கடை வரிசையில்.

"பாய், எல்லா இடத்துலயும் ஆள் குறைக்கிறாங்களாமே."

"பட்டறையில குறைப்பாங்க. உங்க வீட்டுக்காரர் பாவம். நம்மகிட்டயெல்லாம் நடக்காது. டாக்குமென்ட் யார் பார்க்கிறது?"

"மச்சான் கடை நல்ல கடைதானே. போகலாமே."

"ஏம்மா, என்னைத் துரத்துறதுல உனக்கு இவ்வளவு ஆசையா?" சிரிச்சார். என் கோப்பிக்கும் அவரே காசு கொடுத்தார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிட்டேன். எதிர் வரிசைக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் மிஸ்டர் லிம் நடந்து போறது தெரிஞ்சது. என்னைத்தான் பார்த்தாரோ?

செப். 11, புதன்

எது நடக்கக் கூடாதுன்னு இருந்தேனோ அது நடந்தது. மிஸ்டர் லிம் வெளியே மீட்டிங். மிஸ்டர் ஓங்குக்கு இன்னைக்குச் சோதனை பார்த்து ஒப்படைச்சாகணும். ஒருத்தரையும் கேட்காமல் சிஸ்டத்தைப் போட்டுவிட்டார்.

பத்து நிமிஷம் மாடி முழுக்க ஒரே கும்மாளம். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு, திரையில் பேர் வருதான்னு பார்க்கிறாங்க. அப்புறம் ஒவ்வொருத்தராக என்கிட்ட. "என் பேர் வரலையே. வெறும் நம்பர்தான் வருது."

மிஸ்டர் லிம்முக்குப் போன் போட்டேன். ஒரு மூச்சு சத்தம். "டைப்பிங் இன்னும் முடியலைன்னு சொல்லு."

சொன்னேன். பன்னிரண்டு முகத்தையும் பார்த்து, இன்னும் முடியலை, இன்னும் முடியலை. காதர் பாய் "மெதுவா செய்மா, அவசரமில்லை" என்றார். நோராய்னி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். N-O-R-A-I-N-I. "எல்லாரும் கடைசியில இருக்கிற ஐ-யை விட்டுடுவாங்க, ஆன்ட்டி. நீங்க விட்டுடாதீங்க."

டாய்லெட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப். 12, வியாழன்

சாப்பிடும்போது கையிலிருந்து கரண்டி விழுந்தது. ரெஜினா டியூஷனில். இவர் என்னையே பார்த்தார். "என்ன? ஒரு வாரமா நீ நீயா இல்லை." சொல்லிட்டேன். எல்லாம்.

முதலில் கோபம். "வாயை மூடிட்டு இரு. உன் வேலையும் போனா நாம எங்க நிக்கிறது? அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பார்ப்பாங்க."

தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி: "எங்களுக்கு நாலு மணிக்குச் சொன்னாங்க. அஞ்சு மணிக்கு கேட்ல கார்டை வாங்கிக்கிட்டாங்க. முந்தின நாள்தான் புது பூட்ஸுக்கு அளவு கொடுத்திருந்தேன். அந்த ஸ்டோர்காரனுக்குத் தெரியும். தெரிஞ்சே அளவு எடுத்தான்."

கொஞ்சம் கழித்து, "சொல்லாதே" என்றார் மறுபடி. ஆனால் முன்னால் சொன்ன மாதிரி இல்லை.

செப். 13, வெள்ளி

மேகமூட்டம். காலையிலிருந்து மணியைப் பார்த்தபடியே. பன்னிரண்டே கால் ஆனதும் காதர் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பினார். சௌத் பிரிட்ஜ் ரோடு பள்ளிவாசலுக்கு நடந்துதான் போவார். மதியத்தில் போர்டைப் பார்த்துக்கொள்கிற ரிசெப்ஷன் பெண்ணை உட்காரவைத்து, பின்னாலேயே ஓடினேன். சிக்னலில் பிடித்தேன். மூச்சு வாங்குது.

"பாய், மச்சான்கிட்ட வரேன்னு சொல்லிடுங்க. இன்னைக்கே."

"ஏம்மா இப்படி ஓடி வர்றே?"

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லை. டைப்பிங் முடியாம இல்லை. பேரே இல்லை. இருபதாம் தேதி லெட்டர்."

சிக்னல் பச்சை ஆச்சு. எல்லாரும் கடந்து போனாங்க. நாங்க நின்னோம். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினேழு வருஷம்" என்றார். அப்புறம் "யா அல்லாஹ்." கேட்கிற மாதிரி இல்லை, தனக்குள்ளே.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா…"

"தெரியாது. உன் பேர் இருக்கா?"

"ஆபரேட்டர்னு இருக்கு."

தொப்பியைத் தலையில் வைத்தார். "வேற யாரெல்லாம்?"

நான் சொல்லலை.

"நோராய்னியா?"

கீழே பார்த்தேன்.

"உன் முகமே சொல்லுதும்மா. அந்தப் புள்ளைக்கு நவம்பர்ல பிரசவம். அவ வீட்டுக்காரன்கிட்ட வேலையை விட்டுட்டு சொந்தமா வேன் எடுத்து ஓட்டச் சொல்லிக்கிட்டு இருக்கா. உனக்குத் தெரியுமா? என்கிட்ட நீ தமிழ்ங்கிறதால சொன்னே. அவகிட்ட யார் சொல்றது?"

தொழுகைக்கு நேரமாச்சுன்னு ரோட்டைக் கடந்துட்டார். நான் அங்கேயே நின்னு அடுத்த சிவப்பு, அடுத்த பச்சை.

நாலு மணிக்கு 218-லிருந்து போன் வந்தது. "மச்சான்கிட்ட சொல்லிட்டேன்." அவ்வளவுதான்.

செப். 14, சனி

அரை நாள். பன்னிரண்டரைக்கு மாடி காலியாகிற நேரம் பார்த்து நோராய்னியை டாய்லெட்டில் பிடித்தேன். கதவில் முதுகை வைத்துக்கொண்டு சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அழலை. கை கழுவிக்கொண்டிருந்தாள், குழாயை மூடினாள். "நினைச்சேன். புதன்கிழமையே நினைச்சேன்." அப்புறம்: "ஆன்ட்டி, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம் வியாழக்கிழமை."

விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பது நாள். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் என் வீட்டுக்காரர் ராஜினாமா கொடுத்தார்."

கதவைத் திறந்துக்கிட்டுப் போயிட்டாள். மிஸ்டர் லிம் அறைப் பக்கம் போகிற அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஒரு கால் மணி நேரம் உள்ளேயே இருந்தேன்.

மற்ற பத்து பேர்கிட்டயும் சொல்லணும்னு கிளம்பினவள்தான். சொல்லலை. தைரியம் அவ்வளவுதான்.

செப். 15, ஞாயிறு

பூசைக்குப் போகலை. தலைவலி என்றேன். ரெஜினா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். துணி மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். நாளைக்கு என்னை வாசலிலேயே நிறுத்தினால் இவரிடம் என்ன சொல்றது? "சொல்லாதேன்னேனே" என்று கேட்பாரா? கேட்க மாட்டார். அதுதான் இன்னும் பயம்.

செப். 16, திங்கள்

மழை. லெட்டரை இன்னைக்கே கொடுத்துட்டாங்க. வெளியே தெரிஞ்சுபோச்சாம், இருபது வரைக்கும் காத்திருக்க முடியாதாம்.

ஒன்பதரைக்கு மிஸ்டர் லிம்: "218-ஐ என் ரூமுக்கு வரச் சொல்லு." அப்புறம் 231. அப்புறம் 240. பன்னிரண்டையும் நான்தான் கூப்பிட்டேன். "மிஸ்டர் லிம் வரச் சொல்றார்." பன்னிரண்டு தடவை. கடைசியில் என் குரல் எனக்கே வேற யாரோ மாதிரி.

மூணு மணிக்குத் திரையில் LIM K S. "நீ வா."

பொய் வாயில் ரெடியாக இருந்தது. "நீ சொன்னியா?" என்று கேட்டார். "ஆமா சார். ரெண்டு பேர்கிட்ட" என்று வந்துடுச்சு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "டிசம்பர் வரைக்கும் நீ இருப்பே. இந்த மெஷினை ஓட்ட வேற யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் என் கையில இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தா டிசம்பரும் இல்லை. போ."

வந்து உட்கார்ந்தேன். டிசம்பர். மூணரை மாசம். ரெஜினா பரீட்சை முடிஞ்சிடும். அதையே சொல்லிக்கொண்டு லைனை எடுத்தேன்.

நாலரைக்கு நோராய்னி கவுன்டருக்கு வந்தாள். காலையிலிருந்து என் பக்கம் திரும்பாதவள். காலடியில் ஒரு அட்டைப் பெட்டி, ஃபைலும் பூந்தொட்டியும். "ஆன்ட்டி, தூக்க முடியலை. டாக்ஸி கீழே நிக்குது."

ரிசெப்ஷன் பெண் அப்பவே கிளம்பிட்டாள். மாற்று ஆள் இல்லாமல் போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அதுதான் ரூல். மூணு லைன் மின்னுது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பெட்டிக்கு ஒரு பக்கம் நான், ஓடி வந்து மறு பக்கம் காதர் பாய். முன்னால் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பின்னால் போர்டு அடித்துக்கொண்டே இருந்தது. மிஸ்டர் லிம் அறைக் கதவு திறக்கிற சத்தம். திரும்பலை.