உங்கள் பெயரில் கட்டிய வலை

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் பொரி போட்ட கோயில் கேணியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே இருப்பவர்களுக்குக் காது கேட்கவில்லை.

உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குக் கனடாவிலிருந்து உங்கள் மகன் ஓர் உபயம் செய்தான். மீனைக் கொக்கு கொத்தாமல் கேணிக்கு மேலே பச்சை நிறப் பிளாஸ்டிக் வலை. ‘அமரர்’ என்று தொடங்கி உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் பலகையில் எழுதி, வலைக் கம்பியிலேயே கட்டினார்கள். பார்த்து அழுதேன்.

எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. வலை காய்ந்து நொறுங்கத் தொடங்கிவிட்டது. ஓலை உக்கினால் மண்ணாகும். இந்தச் சனியன் உக்காது, பொடியாகும். காற்றடித்தால் தும்பு தும்பாகத் தண்ணீரில் கொட்டுகிறது, மீன் அதைப் பாசி என்று விழுங்குகிறது. செத்த கெண்டை ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சைத் தும்பு உருண்டு கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவு, தெரியாதது எவ்வளவோ? அந்தத் தண்ணீர்தானே கல்லுக்குள்ளால் ஊறி எங்கள் கிணறுகளுக்கும் வருகிறது?

கோயில் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“உபயத்திலை கை வைக்கக்கூடாது, பிள்ளை. தண்ணி தெளிவாத்தானே கிடக்கு,” என்றார். “பழசுக்கு மேலை புது வலை ஒண்டு போடுவம். கனடாவிலை இருக்கிற உங்கடை பெறாமகனிட்டைச் சொல்லுங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய்க்கு மருந்து கேட்டால் இன்னொரு நோயையா தருவது?

உங்கள் மகனுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வலையைக் கழற்ற வேண்டும் என்றேன்.

“அம்மாவின்ரை பேரை இறக்கப் போறியளோ, சின்னம்மா?”

அவன்மீது எனக்குக் கோபம் இல்லை, அக்கா. நினைத்த நேரம் ஊருக்கு வர முடியாத பிள்ளை, ஒரு பலகையில் தாயை வைத்திருக்கிறான். ஆனால் அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் மீன் சாகிறதே, அது யாருடைய பெயரில்?

வருகிற திவசத்துக்கு முன்னால் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியோடு போய் அந்த வலையை நானே அறுத்து இறக்குவேன். பலகையும் சேர்ந்துதான் வரும். நிர்வாகசபை கூடி என்னைத் திட்டட்டும். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டால், “அக்கா சொன்னவ,” என்பேன். பொய்தான். ஆனால் உங்களைத் தெரிந்த ஒருவரும் அதை மறுக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைசித் தங்கச்சி