பன்னிரண்டாம் கட்டில் கேட்ட கேள்வி

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். வேறு யாராவது உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள், என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷ நர்ஸ் வேலையில் முதல் முறையாக எனக்கு ஒன்றை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்: வாயாடி என்று. பெரிய டாக்டரின் புது விக்கைப் பற்றி மருந்து அலமாரிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அந்த விக்கே என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறது.

தண்டனையாக, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் வகுப்பு. பாடம் எடுத்த அம்மாள், நினைவில்லாமல் கிடப்பவருக்கும் காது கேட்கும், அவரிடமும் பேசுங்கள் என்றார். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா?

அந்த வாரம்தான் பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஆள் வந்தார். சாலையில் அடிபட்டுக் கிடந்தவர். அறுபது வயதிருக்கும். பேர், ஊர் தெரியாது, பார்க்க ஒருவரும் வரவில்லை. தொண்டையில் குழாய், மூடிய கண். எனக்கு இதைவிட நல்ல ஜோடி அமையுமா? ஐந்து வாரம், உடம்பு துடைக்கும்போதும் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் பேச்சுதான். உன் அத்தான் ஆணி அடிக்கப் போய்த் தண்ணீர்க் குழாயை உடைத்தது, என் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுச் சம்பந்தி சண்டை, ஒன்றையும் விடவில்லை. "அத்தான்கூட இவ்வளவு பொறுமையா கேட்டிருக்க மாட்டாருக்கா" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்தார்கள்.

ஒரு மத்தியானம் வேறு கதை தீர்ந்துபோய், உன்னிடம் ஏழு வருஷமாகச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் கண் திறந்தார். பேச முடியாததால் சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்தோம். "ஜன்னலைத் திறங்க சிஸ்டர்" என்று எழுதினார். பேர், ஊர் கேட்டால் மட்டும் நினைவில்லை என்று கையை விரித்தார். நான் பேசினால் என் வாயையே பார்ப்பார். இந்த வயதில் நம்மை ஒருவர் கண் எடுக்காமல் பார்க்கிறாரே என்று மறுநாள் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு போனேன். சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "குட்டிமணி கிளம்பிட்டாளா?"

அப்பாவைத் தவிர உன்னை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? கையிலிருந்த தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டேன். பிறகு தெளிந்தேன். பேச்சுவாக்கில் இந்தப் பெயரையும் உளறியிருப்பேன், கேட்டிருக்கிறார். நோயாளியைக் கலங்க விடக்கூடாதே என்று, "கிளம்பிட்டா, வந்துகிட்டே இருக்கா" என்றேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் சிலேட்டை நிதானமாகத் துடைத்துவிட்டு எழுதினார்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

அதுவரை எனக்கு மரியாதை கொடுத்து எழுதிய மனிதர்.

அப்பா போன சமயத்தில் உனக்கு லைன் கிடைக்கவில்லை என்றேனே, அது பொய். கண்ணை மூடுவதற்கு முன் மூன்று நாள் அப்பா உன்னைக் கேட்டார். மூன்று நாளும் நீ கிளம்பிவிட்டதாகச் சொன்னேன். உனக்கு நான் போனே போடவில்லை. மாசக்கணக்கில் அவருக்குப் பீத்துணி மாற்றியவள் நான்; கண்ணைத் திறந்தால் தேடுவது உன்னை. அவ்வளவுதான் காரணம். இதையும் சிரிப்பாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

திட்டி எழுது. வேண்டாம், எழுதாதே, வந்து திட்டு. நீ கிளம்பிவிட்டாய் என்று ஒரு தடவையாவது நான் உண்மையாகச் சொல்ல வேண்டும். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அவருடைய தம்பி தேடிக்கொண்டு வந்துவிட்டார். விவரம் கேட்டு ஃபைலில் எழுதினேன். அவருக்கு இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காதாம். வாய் அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் புரிந்துகொள்வாராம்.