கழுவிய ஃபில்டர் தாள்

அம்மாவுக்கு மகளின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒன்பது பெருநகரங்களின் காற்றுமாசை ஒப்பிட நான் ஒருங்கிணைக்கும் ஆய்வில், நம் ஊர்தான் சுத்தத்தில் முதலிடமாம்! நம் மொட்டைமாடியில் காற்றின் தூசைப் பிடித்து அளக்க வைத்த கருவியின் ஃபில்டர் தாளை, "கறுத்துக் கிடந்துதும்மா, உன் மானம் போயிடக் கூடாதுன்னு சோப்பு போட்டுக் கழுவி அனுப்பறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "இருக்கட்டும் விடுங்க. இந்த முடிவா இருந்தாத்தான் உங்க ஊர் அதிகாரிங்க அறிக்கையில கையெழுத்துப் போடுவாங்க" என்றார் ஆய்வுக் குழுத் தலைவர். விஞ்ஞானிகள் கைதட்டிக் கலைந்தார்கள்.

உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பு. இங்குள்ளது போர்த்தினாலும் குளிர்கிறது. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அப்பாவின் இருமலையாவது கழுவாமல் எழுது.