இணைப்பு எண் 417-இல் ‘இறைவன் இல்லை’ என ஒலிக்கும் அறிவிப்பைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
முனைவர் சி. தெய்வசிகாமணி,
தகைசால் பேராசிரியர், தமிழ்த்துறை,
கீழைக்கடல் பல்கலைக்கழகம்,
புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கணினித் தொடர்பு மையம்,
கீழைக்கடல் பல்கலைக்கழகம்,
புதுச்சேரி.

பொருள்: கணினித் தொலைபேசிச் சேவை – இணைப்பு எண் 417 – தவறாகப் பதிவான பெயரை வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கணினி வழியாகவே பேசவும், நாம் இல்லாதபோது வந்த பேச்சைப் பின்னர் மின்னஞ்சலில் கேட்கவும் உதவும் புதிய சேவையைத் தங்கள் மையம் எங்கள் துறைக்கு வழங்கியுள்ளது. ஹெட்போனை அணிந்துகொண்டு தஞ்சாவூரிலுள்ள என் மகளிடம் முதன்முதலாகப் பேசியபோது, அவள் எதிரே அமர்ந்து பேசுவது போலவே இருந்தது. ஆகவே இம்மனு சேவையைப் பழிப்பதற்கு எழுந்ததன்று.

2. சேவையைத் தொடங்குவோர், ஒலி கேட்டதும் தம் பெயரைக் கூற வேண்டும் என்று வழிகாட்டித் தாளில் உள்ளது. எதனையும் இறைவனை வாழ்த்தாமல் நான் தொடங்குவதில்லை. எனவே, ‘எல்லாம் வல்ல இறைவன் திருவருளை முன்னிட்டு, முனைவர் தெய்வசிகாமணி’ என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினேன். சில நொடிகளே பதிவாகும் என்பதைத் தாள் தெரிவிக்கவில்லை. ‘எல்லாம் வல்ல இறைவன்’ என்ற அளவில் இயந்திரம் என்னை இடைமறித்து, ‘தங்கள் பெயர் பதிவாயிற்று, நன்றி’ என்றது. நானும் நன்றி கூறினேன்.

3. அன்று முதல், நான் அறையில் இல்லாதபோது அழைப்பவர்கள், ‘எல்லாம் வல்ல இறைவன்’ என்று என் குரலிலும், ‘தற்போது இருக்கையில் இல்லை. செய்தியைக் கூறுங்கள். விரைவில் தங்களை அழைப்பார்’ என்று அம்மையார் ஒருவர் குரலிலும் கேட்கின்றனர். ‘இல்லை’ என்னும் சொல் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாதலால் இத்தொடரில் இலக்கணப் பிழை சிறிதுமில்லை. கேட்போர் ஐயமின்றி நம்புவதற்கு அதுவே காரணம். எங்கும் நிறைந்தவனை இருக்கையில் இல்லையென்று என் குரலே அறிவிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நான் வேறோர் அழைப்பில் இருக்கும்போது மட்டும், ‘எல்லாம் வல்ல இறைவன் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும்’ என்று வருகிறது. அதனை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

4. இஃது என் வருத்தத்தோடு நிற்குமாயின் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். என் ஆய்வு மாணவி செல்வி தேவிப்பிரியா, தவளக்குப்பத்தை அடுத்த கடற்கரை ஊரினர். அவருடைய ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. வாய்மொழித் தேர்வு ஒன்றே எஞ்சியுள்ளது. அத்தேர்வை இம்மாத இறுதிக்குள் முடித்தால்தான் அவருக்குக் கிடைத்துள்ள விரிவுரையாளர் பணி நிலைக்கும். தேர்வு நாளைப் புறத்தேர்வாளர் நெறியாளரின் இணைப்பில் குரல்செய்தியாகவே பதிய வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகத்தின் புதிய விதி.

5. புறத்தேர்வாளரான காரைக்கால் பேராசிரியர் கலியமூர்த்தி அவர்கள் அண்மையில் இதய அறுவை சிகிச்சை முடிந்து நலமுடன் வீடு திரும்பியவர். திரும்பிய அன்றே கடமை தவறாது 417-ஐ அழைத்திருக்கிறார். எல்லாம் வல்ல இறைவன் விரைவில் தம்மை அழைப்பார் என்பதைக் கேட்டதும் நாளைப் பதியாமலே தொலைபேசியை வைத்துவிட்டாராம். நான் வீட்டிலிருந்து அழைத்து விளக்கியபோது அவர்தம் துணைவியார் சுலோசனா அம்மையார் கூறியதை அப்படியே தருகிறேன்: “இனிமே பயமில்ல, காலார நடங்கன்னு டாக்டரு சொல்லி அனுப்புனாரு. வந்து உக்காரல, அதுக்குள்ள உங்க ஆபீசுல சாமி கூப்பிடுவாருன்னா எப்பிடிங்க ஐயா? அத மாத்துற வரைக்கும் அந்த நம்பர இவரு தொடப்படாது.” பேராசிரியர் பின்னாலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. ஆயினும் அம்மையாரின் தடையை மீறும் துணிவு அவருக்கில்லை. அறிவிப்பு மாறினால் வரும் திங்கட்கிழமை காலை அழைப்பதாக வாக்களித்துள்ளார்.

6. இதற்கிடையே மாணவியின் தாயார் குஞ்சம்மாள், நாள் குறித்தாயிற்றா என என்னிடம் கேட்பதற்காக மீன் விற்கும் இடத்திலிருந்து அழைத்திருக்கிறார். அவர் பதறவில்லை; செய்தியே கூறியிருக்கிறார். என் மின்னஞ்சலுக்கு வந்த அது வருமாறு: “சாமி, நீயா? வாத்தியார் ஐயா எடுப்பாருன்னு போட்டேன். கூப்புடறதுன்னா கூப்புட்டுக்க, நான் ஒண்ணும் சொல்லல. எம் பொண்ணுக்குத் தேதி குடுத்துட்டு அப்பறமா கூப்புடு. ஏய், யாருடி அது, கூடையத் தொடாத! உன்ன இல்ல சாமி.” வேறொருவரை நோக்கிய வேண்டுதல் என் பெட்டிக்கு வந்திருப்பதால், அதனை அழிக்கவும் இயலாமல் மறுமொழி கூறவும் தகுதியின்றி இருக்கிறேன்.

7. தங்கள் மைய ஊழியர் திரு. ராஜா பரிவுடன் வந்து பார்த்தார். அறிவிப்பை இருமுறை கேட்டார். இரண்டாம் முறை தேவையற்றது என்பது என் எண்ணம். “பேரு ஒரு தடவதான் ஐயா பதிய முடியும். மறுபடியும் தொறக்கணும்னா டைரக்டர் சார் சொல்லணும். ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க” என்றார். அதன்படியே இதனை எழுதுகிறேன்.

8. ஆகவே, என் பெயர்ப் பதிவை வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் திறந்துவிடப் பணிக்குமாறு வேண்டுகிறேன். இம்முறை வாழ்த்தை மனத்துக்குள் முடித்துக்கொண்டு பெயரை மட்டும் கூற உறுதியளிக்கிறேன். வழிகாட்டித் தாளிலும் நொடிக் கணக்கைச் சேர்த்தருளுக. பக்கத்து அறைப் பேராசிரியர் விஜயராகவன் அவர்கள் இன்னும் பெயர் பதியவில்லை. அவர் பெருமாள் அடியார். அவருடைய வாழ்த்து என்னுடையதைவிட நீளமானது.

குஞ்சம்மாள் கேட்ட தேதியை அருள இறைவன் மனம் கொண்டிருப்பினும், அது நம் விதிப்படி 417 வழியாகவே வர வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலை காரைக்காலிலிருந்து அழைப்பு வருகையில், இருக்கையில் இல்லாதவன் தெய்வசிகாமணி மட்டுமே என்று கேட்கும்படி செய்வீர்களாயின், ஒரு பெண் இம்மாதமே முனைவராகிவிடுவாள்.

இடம்: புதுச்சேரி
நாள்: 10.06.2009

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சி. தெய்வசிகாமணி