நீ எழுதினாய், நான் பேசினேன்

அலுவலகத்தில் இன்று எல்லோருக்கும் புது ஹெட்செட் கொடுத்தார்கள். பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழற்றியபோது, வாய்ப்பக்கத்துப் பஞ்சு உருண்டையிலிருந்து லேசாக அதிமதுர வாசனை வந்தது. நீ போனதற்கும் முன்பிருந்தே அதை நான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் தொண்டைக்கு நல்லதென்று நீ நாள் முழுக்க வாயில் அடக்கிவைத்திருந்த அந்த வேரின் வாசனை போகவில்லை. ஸ்டோர்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நம் அப்பாக்கள் ஒரே ஷிப்டில் தங்கச் சுரங்கத்துக் கேஜில் இறங்கினவர்கள். சுரங்கம் மூடிய பிறகு நமக்கு வாய்த்தது பெங்களூர் வண்டிதான். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இருட்டோடு ஏறுவோம், இருட்டோடு இறங்குவோம். சரக்கு கம்பெனியில் முதலில் சேர்ந்தது நீ. பிறகு என்னையும் பில் செக்‌ஷனில் சேர்த்துவிட்டாய். என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி உன்னுடையது. எந்தக் கிளையில் யாருக்கு மெயில் திறக்காவிட்டாலும், கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும், பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் மணி அடிப்பது உன் மேஜையில்தான். ஹூப்ளிக்குக் கன்னடம், சித்தூருக்குத் தெலுங்கு, சேலத்துக்கு நம் தமிழ்.

சேலத்துக்காரர் ஒருவர் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. "நேத்து போட்ட அதே பாஸ்வேர்டும்மா! தப்பு தப்புன்னே சொல்லுது! இன்னா சிஸ்டம் வெச்சிருக்கீங்க?"

"சார், கீபோர்டுல இடது பக்கம் கேப்ஸ் லாக்னு ஒண்ணு இருக்கும். லைட் எரியுதா பாருங்க."

"…எரியுதும்மா."

"அத்த ஒரு வாட்டி அமுக்கிட்டுப் போடுங்க. ஒண்ணும் ஆவல சார்."

நீ போனை வைத்ததும் நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சிரிக்காதடி. வேலை போயிடும்னு பயந்தவங்கதான் அப்படிக் கத்துவாங்க" என்றாய்.

உன் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது சளி என்றாய். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். மழைக்காலம் போய் வெயில் வந்தும் கரகரப்பு போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று மட்டும்தான் வந்தது. ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருக்க, நீ ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினாய். ஒரு பழைய பில்லின் முதுகில், 'நீ பேசு. நான் எழுதறேன்' என்று எழுதிக் காட்டினாய்.

அழைத்தது ஓசூர் கிளைப் பெண். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தேம்பிக்கொண்டே பேசினாள். "மேடம், கஸ்டமர் மெயில் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல வெச்சிருந்தேன். இப்ப ஃபோல்டரே காணோம். மேனேஜர் வந்தா என்னைத் தொலைச்சிடுவாரு."

பில்லைத் தவிர எனக்கு என்ன தெரியும்? நீ எழுதினாய்: 'முதல்ல பேரு கேளு. தண்ணி குடிக்கச் சொல்லு.' கேட்டேன், சொன்னேன். அதற்குள் நீ அவளுடைய திரையை நம் கம்ப்யூட்டரில் வரவழைத்துவிட்டாய். அடுத்த வரி: 'தொலைஞ்சிருக்காது. நகர்ந்திருக்கும்.'

அதை அப்படியே சொன்னேன். ஓசூர்த் திரையில் உன் அம்புக்குறி ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தது. கை தவறி இழுத்ததில், அவள் தேடியது பக்கத்து ஃபோல்டருக்குள் போய்ப் புகுந்திருந்தது. நீ அதை வெளியே இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாய். அந்தப் பக்கம் அவள் "ஐயோ மேடம், ஐயோ மேடம்" என்று அழுதாள். இந்தப் பக்கம் நான் அழுதேன். நீ அடுத்த மணிக்காகத் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாய்.

அப்படியே சில மாதங்கள் ஓடின. நீ எழுத எழுத நான் பேசினேன். நம் மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்தார். கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று இருந்தேன். ஒருநாள் வந்து என் பில் கட்டுகளை எடுத்து வேறொருவர் மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க இங்கயே இருங்கம்மா" என்றார். உன்னிடம், "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நீ போனாய் என்று நினைக்கிறேன். நான் எத்தனை முறை கெஞ்சியும் போகாதவள் நீ.

குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுத் தூசியாலா என்று உன் அம்மா கேட்டார்கள். அப்படி எதையும் சொல்ல முடியாதும்மா என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலம் வண்டியில் நீ பேசிய பேச்சு! மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காமல் அதற்காகவே சேர்த்துவைத்திருந்தாயோ என்னவோ. பங்காருபேட்டை வருவதற்குள் உன் சித்தி மகள் கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போன கதை, ஸ்கூலில் நாம் சண்டை போட்டது, எதிர்சீட்டு அம்மாவின் போனில் ரிங்டோன் மாற்றிக் கொடுத்தது, எல்லாம் முடிந்துவிட்டது. பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. உன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"போதும்டி, தொண்டைக்கு ரெஸ்ட் குடு" என்றேன்.

"நாளையிலேர்ந்து ரெஸ்ட்டுதானே" என்றாய்.

அதற்குமேல் உன்னை நான் தடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நீ திரும்பி வந்தாய். எழுதி அனுப்பும் புகார்களுக்கு எழுதியே பதில் சொல்லும் வேலை கொடுத்தார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் தட்டிக் காட்டினாய்: 'எழுத்துல கோபம் மட்டும்தான் தெரியுது. பயம் தெரிய மாட்டேங்குது.' அன்றிலிருந்து திட்டி வரும் புகாரையெல்லாம் என் பக்கம் தள்ளி, கூப்பிட்டுப் பேசு என்று சாடை காட்டுவாய். நான் பேசுவேன். நீ என் முகத்தைப் பார்த்தே அந்தப் பக்கத்து ஆள் தணிந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வாய்.

நோய் நுரையீரலுக்குப் போனதை டாக்டர் சொல்வதற்கு முன்னால் நம் ஸ்டேஷன் படிகள் சொல்லிவிட்டன. ஏறும்போது நடுவில் நின்றாய். மறுநாளும் நின்றாய். பிறகு வரவில்லை.

உன் பக்கத்து வீட்டுக்காரம்மா எனக்குப் போன் செய்தபோது, ஹூப்ளிக்காரர் ஒருவருக்கு பிரிண்டரைச் சரிசெய்ய வழி சொல்லிக்கொண்டிருந்தேன். போன் திரையில் அந்தம்மாவின் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஹூப்ளிக்காரருடைய தாள் வெளியே வரும்வரை பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். சுரங்கத் தொழிலாளர் வரிசையில் உங்கள் லைன் வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பஞ்சசீலம் சொன்னபோது எல்லோருடைய குரலும் எழுந்தது. என்னால் மட்டும் வாயைத் திறக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார்கள். "போன் ரொம்பிப்போச்சுன்னு காட்டுது மா. எதுவும் வர மாட்டேங்குது. இன்னான்னு பாரேன்."

திறந்து பார்த்தேன். காலை வணக்கப் படங்கள் ஒரு பக்கம். மிச்சமெல்லாம் நீ. எழுதினால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதென்று நீ எப்போதும் பேசித்தானே அனுப்புவாய். வருஷக்கணக்கில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை, வரிசையாக அத்தனையும் இருந்தன.

"பூ படம், சாமி படம் எல்லாத்தையும் எடுத்துடு. அத்த மட்டும் தொடாத மா" என்றார்கள். பிறகு, நான் கேட்காமலேயே, விரலால் தடவி ஒன்றைத் தொட்டார்கள்.

"அம்மா, பங்காருபேட்டை வந்துட்டேன். வெந்நீ போடு." கரகரப்பே இல்லாத குரல்.

உன் அம்மா போனைப் பார்த்து, "சரி மா, வா" என்றார்கள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டீ போடுகிறேன் என்று உள்ளே போய் நின்றேன்.

படங்களை அழித்துக் கொடுத்தேன். அந்தப் போன் பழசு. என்றாவது விழும், நனையும், ஒருநாள் நின்றுபோகும். அதனால் அம்மாவிடம் சொல்லிவிட்டு உன் பேச்சு அத்தனையையும் என் போனில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றில் எனக்கென்று ஒன்றுமில்லை. சோறு வை, கதவைத் தாழ் போடாதே, மாத்திரை போட்டாயா, எல்லாம் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு நீ சொன்னவை. அதனால் ஒன்றைக்கூட நான் திறப்பதில்லை. உன் அம்மா கேட்கும்போது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை தினமும் பெங்களூருக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன்.