நெஞ்சு குளிர்ந்தது

ஜூன் 9
எல்லாத் தாளும் தேறி, கவிதையில் மட்டும் போய்விட்டது. ஆங்கில இலக்கியம், அதுவும் இறுதி ஆண்டு. எப்படி?

ஜூன் 10
எப்படி என்று தெரிந்துவிட்டது. 'அவள் பெயரைக் கேட்டதும் அவன் நெஞ்சு குளிர்ந்தது' என்று கவிதையில் ஒரு வரி. ஆகா, என்ன மகிழ்ச்சி என்று இரண்டு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு அன்பு அற்றுப்போனது என்று அர்த்தமாம். எங்கள் அரபியில் நல்ல சேதி கேட்டால் நெஞ்சு குளிரும். பாஸ்ரா வெயிலில் பிறந்தவள் வேறு எப்படி எழுதுவாள்?

கவிதை எடுக்கும் டாக்டர் ஸுஹைர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். "அவன் என்ன, ஐஸ் ஃபேக்டரியில வேலை பாத்தானா?" எல்லோரும் சிரித்தார்கள். என் உயிர்த்தோழி இஸ்ராவும்!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுந்து கேட்டுவிட்டேன்: "உங்களுக்குப் பேரன் பொறந்தா நெஞ்சு குளிருமா, கொதிக்குமா டாக்டர்?"

சிரிப்பு நின்றது. "மறுதேர்வு வாய்மொழிதான். என்கிட்டதான். அங்க பேசிக்கலாம்."

ஜூன் 11
அப்பா: "அதுலயும் போச்சுன்னா படிப்பு இதோட சரி."

ஜூன் 17
கரண்ட் இல்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். இதில் உட்கார்ந்து உருப்போடுகிறேன். குளிர் — வெறுப்பு. குளிர் — பிரிவு. குளிர் — சாவு. சூடு — அன்பு. சூடாம், அன்பாம்! அந்தக் கவிஞர் இங்கே வந்து ஒரு ஜூலை இருந்து பார்க்கட்டும்.

இஸ்ரா போன் செய்தாள். "மன்னிப்புக் கேட்டுத் தொலையேன்டி." மாட்டேன். கேட்டுவிடலாமோ?

ஜூலை 2
தூக்கத்திலும் இதைத்தான் உளறுகிறேனாம். அம்மா சொன்னாள்.

ஜூலை 6
மறுதேர்வு. அதே கவிதை. அதே வரி. வேண்டுமென்றேதான்!

"குளிர்ந்ததுன்னா என்னம்மா?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் முகம் தெரிந்தது. "சாவு, டாக்டர். அவன் மனசுல அவ செத்துட்டா."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "பேரன் கதை ஒண்ணும் இல்லையா?"

"இல்லை டாக்டர்."

"சரி, போ" என்றார். ஏனோ அவர் முகம் வாடிவிட்டது. சண்டை போடுவேன் என்று நினைத்திருந்தாரோ?

ஜூலை 9
தேறிவிட்டேன். எழுபத்தெட்டு!

சமையலறைக்கு ஓடினேன். அம்மா மாவுக் கையோடு கட்டிக்கொண்டாள். "என் நெஞ்சு குளிர்ந்துபோச்சுடி!"

எனக்குச் சுரீரென்றது. நான் என்ன தப்புச் செய்தேன், அம்மா ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — பதறிப்போனேன்.